நாற்பத்தைந்தாவது வினாடி

ஏப்ரல் 21, திங்கள்

உறுதியானது: பனியன் கம்பெனியில் ஹீட் பிரஸ் ஓட்டும் கோகிலவாணி, வயது 36, சனிக்கிழமை காலை 11.40க்கு இரண்டு உள்ளங்கைகளிலும் இரண்டாம் நிலைத் தீக்காயத்துடன் சேர்க்கப்பட்டிருக்கிறார். ஆதாரம்: மருத்துவமனைச் சேர்க்கைச் சீட்டு. நானே வாங்கிப் படித்தேன்.

உறுதியாகாதது: தவறு யாருடையது. கம்பெனி சொல்வது, பச்சை விளக்கு எரிவதற்கு முன்பே கை வைத்துவிட்டார். அவர் சொல்வது, எரிந்த பிறகுதான் வைத்தேன்.

இயந்திரம் எளிமையானது. கீழ்த்தட்டில் டி-ஷர்ட்டை விரித்து, அதன்மேல் ஸ்டிக்கரை வைத்து, நூற்று அறுபது டிகிரியில் இருக்கும் மேல்தட்டை இறக்கி அழுத்துவார்கள். நாள் முழுக்க அழுத்தினால் கீழ்த்தட்டும் எண்பது, தொண்ணூறு டிகிரிக்குப் போய்விடும். அதற்குத்தான் பிப்ரவரியில் ஒரு புதுக் கருவி வந்தது. கீழ்த்தட்டின் அடியில் பிஸ்கட் அளவில் ஆறு மின்சில்லுகள். மின்சாரம் பாய்ந்தால் சில்லின் மேல்பக்கம் குளிரும், அடிப்பக்கம் சுடும். அந்தச் சூட்டை ஒரு விசிறி வெளியே தள்ளும். பொத்தானை அழுத்தினால் நாற்பத்தைந்து வினாடியில் பச்சை விளக்கு எரியும். தட்டு ஆறிவிட்டது, கை வைக்கலாம் என்று அதற்குப் பொருள்.

கோகிலவாணி கட்டுப் போட்ட கைகளைத் தலையணைமேல் வைத்திருந்தார். நான் பேனாவைத் திறந்ததும் சிரித்தார்.

"எழுதுங்கக்கா. பச்சை எரிஞ்சுது. எப்பவும்போல தட்டுல தூசி கெடக்குதான்னு ரெண்டு கையாலயும் நீவுனேன். அவ்வளவுதானுங்க."

எந்தப் பத்திரிகை என்று கேட்டார். "நொய்யல் மாலை" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். வேறொன்றும் கேட்கவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஏழு நாள் கழித்துக் குழாயில் தண்ணீர் வந்தது. எல்லாப் பாத்திரமும் நிரப்பினேன். முழங்கால் வலி.

ஏப்ரல் 24, வியாழன்

கம்பெனியின் மனிதவள அதிகாரி நேற்று மருத்துவமனைக்கு வந்து போயிருக்கிறார். கையில் தட்டச்சு செய்த கடிதம். "பச்சை விளக்கு எரியும் முன் கவனக்குறைவாகக் கை வைத்துவிட்டேன்" என்று அதில் இருந்தது. அதை ஒப்புக்கொண்டால், தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் பிரிவில் வேலை. இல்லாவிட்டால் கம்பெனியின் உள்விசாரணை, வேலை நீக்கம். கடிதத்தை நான் பார்க்கவில்லை. பக்கத்துக் கட்டில் அம்மாள் அதை உரக்கப் படித்துக் காட்டியதாகக் கோகிலவாணி சொன்னார். இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். வாசகம் ஒத்துப்போகிறது.

"பேனா புடிக்க முடியாதுல்ல, கைநாட்டு வெச்சாப் போதும்னாருக்கா. மை டப்பா வேற கொண்டாந்திருந்தாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கட்டை விரல்ல தோலே இல்லீங்க, எந்த ரேகைய எடுப்பீங்கன்னு கேட்டேன். மனுசன் மை டப்பாவ மூடிட்டாரு. அப்புறம் சொன்னேன், எனக்குக் கையெழுத்து நல்லாவே வரும், பத்தாவது பாஸு. கை ஆறுனாலும் இதுல போட மாட்டேன்னு."

பக்கத்துக் கட்டில் அம்மாள் இடையில் புகுந்தார். "வேலை போனா என்ன பண்ணுவே கண்ணு? வீம்பு சோறு போடாது."

"செக்கிங்ல போய் உக்காந்தா நாளைக்கு அதே மெஷின்ல இன்னொருத்தி கை வைப்பா. அவளுக்கும் இந்தக் கடுதாசிய நீட்டுவாங்க. என் பேரச் சொல்லியே நீட்டுவாங்க. 'கோகிலாவே ஒத்துக்கிட்டா'ம்பாங்க."

இதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

ஏப்ரல் 26, சனி

உள்விசாரணை அறிவிப்பு வந்துவிட்டது. மே 14, காலை பத்தரை மணி. விசாரணை அதிகாரியாக வெளி வழக்கறிஞர் ஒருவர். நிர்வாகத் தரப்பு ஆவணங்கள் ஏழு. ஏழாவது, பிப்ரவரி 11 தேதியிட்ட பத்திரிகைச் செய்தி நறுக்கு.

அலமாரியின் மேல்தட்டில் இந்த ஆண்டுக் குறிப்பேடுகள் இருக்கின்றன. ஏணி போட வேண்டும். வானம் மூடியிருந்ததால் துணியை எடுக்கப் போய்விட்டேன். மழை பெய்யவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

ஆசிரியர் கதிரேசனிடம் செய்தியைக் கொடுத்தேன். இருபத்திரண்டு வருடமாக ஒரே அறையில் உட்காருகிறோம். படிக்கும்போது அவர் கண்ணாடியைக் கழற்றினால் செய்தி போகாது. கழற்றினார்.

"அம்மிணி, 'தட்டு ஆறவில்லை'ன்னு இப்ப எழுதறே. பிப்ரவரியில மூணாம் பக்கத்துல என்ன எழுதுனே?"

அவரே கோப்பை எடுத்துப் படித்தார். "'தொண்ணூறு டிகிரி காட்டிய தட்டின் மீது, பச்சை விளக்கு எரிந்ததும் இந்த நிருபர் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வெதுவெதுப்பு மட்டுமே இருந்தது.' இந்த நிருபர் யாரு?"

"நான்தான்."

"அப்ப அது பொய்யா?"

"இல்ல. வெதுவெதுப்பாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் இது எப்படி உண்மையாகும்? நீ வெச்சா வெதுவெதுப்பு, அந்தப் புள்ள வெச்சா வேகுதா?"

நியாயமான கேள்வி. செய்தியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஏழாவது ஆவணம் எது என்று இங்கே எழுதியாக வேண்டும்: அது என் செய்தி. அந்தச் செய்தி வந்த பிறகுதான் இந்தக் கம்பெனி முப்பது இயந்திரங்களுக்கு அந்தக் கருவியை மாட்டியது. ஆதாரம்: கருவி விற்கும் ஹிமகர் தெர்மோவின் விளம்பரத் தாள். அதில் என் பெயரும் பெட்டி கட்டி இருக்கிறது.

ஏப்ரல் 30, புதன்

காலையில் தோசை. கல் அதிகமாகக் காய்ந்துவிட்டது. தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்தேன். முதல் தோசை சரியாக வந்தது. இரண்டாவதற்குள் கல் மறுபடி காய்ந்து மாவு தீய்ந்தது.

துணியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றேன். அப்புறம் அடுப்பை அணைத்தேன்.

மே 2, வெள்ளி

அல்போன்ஸ், திருப்பூர் ராயபுரத்தில் வாட்டர் டிஸ்பென்சர் ரிப்பேர் செய்கிறவர். சின்ன டிஸ்பென்சர்களில் தண்ணீரைக் குளிர வைப்பதும் இதே மின்சில்லுதான் என்றார்கள். கடை வாசலில் பிரித்துப் போட்ட டிஸ்பென்சர்கள் வரிசையாக நின்றன.

ஒரு சில்லை எடுத்து என் விரல்களுக்கு நடுவில் வைத்து வயரைக் கொடுத்தார்.

"எப்படி இருக்குது மேடம்?"

"மேல ஜில்லுனு. அடியில சூடு."

"விடாதீங்க. எண்ணுங்க."

பதினெட்டு எண்ணுவதற்குள் மேல்பக்கமும் சூடேறியது. இருபத்தேழில் கையை உதறினேன். சில்லு மேசைக்கடியில் போய் விழுந்தது. அல்போன்ஸ் அதைத் தேடிக்கொண்டே பேசினார்.

"இது சூட்டை அழிக்காதுங்க. மேலருந்து வாங்கிக் கீழ தள்ளும். தள்ளுற வேலைக்குத் தன் சூட்டையும் சேத்துக்கும். கீழ வாங்கிக்க ஆளில்லேன்னா அத்தனையும் திரும்ப மேல வரும். அதனால அடியில அலுமினிய ரெக்கையும் விசிறியும் ஒழுங்கா இருக்கோணும். அது அடைச்சிருச்சுன்னா குளுர வெக்கிற சாமானே அடுப்பாயிரும்."

"எதனால அடைக்கும்?"

"திருப்பூர்ல கேக்குற கேள்வியா இது? பஞ்சுதான். வீட்டுக்குள்ள நிக்கிற டிஸ்பென்சருக்கே மாசம் ஒருக்கா வாருறேன்."

பழைய இஸ்திரிப் பெட்டியைத் தலைகீழாக நிறுத்தித் தொண்ணூறு டிகிரிக்குச் சூடாக்கினார். சூடு அளக்கும் மீட்டரை நான் பிடித்துக்கொண்டேன். ரெக்கை, விசிறி சுத்தமாக இருந்த சில்லை அதன்மேல் வைத்தபோது நாற்பத்தைந்து வினாடியில் அறுபத்தொன்று. விசிறியின் வாயில் பஞ்சைத் திணித்துவிட்டு வைத்தபோது எண்பத்தெட்டு. இரண்டையும் மூன்று முறை செய்யச் சொன்னேன். அலுத்துக்கொண்டே செய்தார். ஓரிரு டிகிரி தவிர மாற்றமில்லை.

"சுத்தமா இருந்தாலே அறுபத்தொண்ணுன்னா, எப்படிங்க வெதுவெதுப்பா இருக்கும்?" என்றேன். என்னிடமே கேட்டதுபோல இருந்திருக்க வேண்டும். அவர் மேசை துடைக்கிற ஈரத்துணியை எடுத்துப் பெட்டியின் தட்டில் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். சுர் என்றது. மீட்டர் நாற்பத்தொன்று காட்டியது. பத்து வினாடியில் ஐம்பத்தைந்துக்கு ஏறியது.

"இப்படித்தான்! இதுக்கு எதுக்கு மேடம் இத்தனை வயரு?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

கிளம்பும்போது ஒன்று சொன்னார். "சாமானைத் திட்டி எழுதாதீங்க. சில்லு பொய் சொல்லாது. அந்தப் பச்சை லைட்டு எதைப் பாத்து எரியுதுன்னு கேளுங்க. சூட்டைப் பாத்தா, கடிகாரத்தைப் பாத்தா?"

மே 3, சனி

ஏணி போட்டேன். பிப்ரவரி 10, கருவி விற்கும் ரகுபரன் அதை இயக்கிக் காட்டிய நாளின் குறிப்பேடு, பக்கம் 34. என் கையெழுத்து:

"மீட்டர் 90. பொத்தான். பச்சை, 45 வினாடி. ரகுபரன் தூசி என்று ஈரத்துணியால் தட்டைத் துடைத்தார். கை வைத்தேன். வெதுவெதுப்பு."

அச்சான செய்தியில் துடைத்த வரி இல்லை. இடம் போதவில்லை என்று அன்று நான்கு வரிகள் வெட்டினேன். எதை வெட்டுவது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானேதான் தேர்ந்தெடுத்தேன்.

மே 6, செவ்வாய்

கோகிலவாணியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பக்கம் 34ஐக் காட்டினேன். கட்டுப் போட்ட கையால் புரட்ட முடியாததால் நான் பிடித்துக்கொண்டேன். இரண்டு முறை படித்தார்.

"உங்க பேரு எனக்கு மொதல்லயே தெரியுமுங்க. மெஷினுக்கு நேரா செவுத்துல அந்தப் பேப்பர ஒட்டி வெச்சிருந்தாங்க. தெனமும் பாத்துட்டேதான் ஓட்டுவேன்."

"அப்புறம் ஏன் எங்கிட்டப் பேசுனீங்க?"

"வேற யாரு வந்தாங்கக்கா?"

தேநீர் போட எழுந்தார். நான் போய்ப் போட்டேன். சர்க்கரை டப்பா எங்கே என்று கேட்டேன். அவர் சொன்ன இடத்தில் இருந்தது.

பிறகு விசிறியைப் பற்றிக் கேட்டேன். தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஏர் கன்னால் அடியில் காற்றடித்துப் பஞ்சை ஊதிவிடுவாராம். யாரும் சொல்லித்தரவில்லை, ஊதாவிட்டால் தட்டு சுடுவதைக் கையே சொல்லியிருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஊதவில்லை.

"வெள்ளை ஆர்டர் ஓடுதுங்க. காத்தடிச்சா தூசி வெள்ளை பீஸ் மேல படியும், பையர் திருப்பி அனுப்பிருவான்னு சூப்பர்வைசர் தடுத்துட்டாரு."

வாயால் சொல்லியிருந்தால் நிரூபிக்க முடியாது என்றேன். சூப்பர்வைசர் அதை வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாகவே அனுப்பியிருக்கிறார். கூட வேலை செய்யும் ஒருவர் எனக்கு அதை அனுப்பிவைத்தார். ஏப்ரல் 15, காலை 8.52. "வெள்ளை முடியற வரைக்கும் ஒருத்தரும் ஏர் கன்னத் தொடப்படாது. தொட்டா பீஸுக்கு நீங்கதான் பொறுப்பு." இருபத்தொரு நொடி. நான்கு முறை கேட்டேன்.

மே 8, வியாழன்

ரகுபரன் அலுவலகத்துக்கே வந்தார். ஹிமகர் தெர்மோவின் உரிமையாளர். படித்தவர், குரல் உயர்த்தாதவர். பச்சை விளக்கு எதைப் பார்த்து எரிகிறது என்று கேட்டேன்.

"நாப்பத்தஞ்சு செகண்டுல தட்டு ஆறிடும் மேடம். அதை நாங்க டெஸ்ட் பண்ணித்தான் செட் பண்ணியிருக்கோம்."

"அப்ப டைமர்தானா? தட்டுல வெப்பமானி இல்லையா?"

"சரியாப் பராமரிச்சா தேவையில்லை."

"நான் கை வைக்கிறதுக்கு முன்னால ஏன் ஈரத்துணியால துடைச்சீங்க?"

"தூசி இருந்துச்சு. கம்பெனி மரியாதைக்காகத் துடைச்சேன். நீங்களும் அங்கதானே இருந்தீங்க? தப்புன்னா அன்னிக்கே எழுதியிருக்கலாமே?"

எழுதியிருக்கலாம். அதையும் குறித்துக்கொண்டேன்.

எழுந்தவர் கதிரேசன் பக்கம் திரும்பினார். "சார், ஞாயித்துக்கிழமை முழுப்பக்க விளம்பரம் அப்படியே இருக்கட்டும். மேடம் நல்லா யோசிக்கட்டும்."

"யோசிச்சாச்சு," என்றேன். "டைமர்னு நீங்க சொன்னதை உங்க பேரோட எழுதப் போறேன். மறுக்கணும்னா எழுத்துல குடுங்க."

போனபின் கதிரேசன் ஐந்து நிமிடம் கண்ணாடியைத் துடைத்தார்.

மே 11, ஞாயிறு

மூன்றாம் பக்கத்தில் ரகுபரனின் விளம்பரம் வந்தது. கொடியில் போட்ட ஈரத்துணி உலர்ந்துவிட்டது. மின்தடை, காலை 9 முதல் 2 வரை.

மே 14, புதன்

விசாரணை. கம்பெனியின் கூட்ட அறை, குளிரூட்டப்பட்டது. என்னை அழைத்தது நிர்வாகத் தரப்பு. ஏழாவது ஆவணம் என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டுப் போனால் போதும்.

"இந்தச் செய்தியை எழுதியது நீங்களா?" என்றார் நிர்வாகத்தின் வழக்கறிஞர்.

"நான்தான்."

"இதில் உள்ளது உண்மையா?"

"உள்ளது உண்மை. இல்லாதது ஒரு வரி இருக்கு."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"உண்மையான்னு கேட்டீங்க. முழு பதில் சொல்றேன்."

குறிப்பேட்டைத் திறந்து பக்கம் 34ஐப் படித்தேன். நிர்வாக வழக்கறிஞர் ஆட்சேபித்தார். விசாரணை அதிகாரி பேனாவை மூடினார். "இதைப் பதிவு செய்யத் தேவையில்லை" என்றார்.

"அப்ப ஏழாவது ஆவணத்தையும் எடுத்துடுங்க," என்றேன். "ரெண்டும் ஒரே பக்கத்துலருந்து வந்தது. ஒண்ணு மட்டும் உள்ள இருக்க முடியாது."

கோகிலவாணி மேசையின் மறுகோடியில் இருந்தார். வலக்கைக் கட்டை இன்று பிரித்திருந்தார்கள். தோல் இளஞ்சிவப்பாக, பளபளப்பாக இருந்தது. அவர் எழுந்தார்.

"சார், அந்த அக்கா சொன்னத நீங்க எழுதலேன்னா, நடவடிக்கைத் தாள்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன். இன்னிக்குப் பேனா புடிக்க முடியும். அதனாலதான் சொல்றேன்."

தொழிலாளியின் கையெழுத்தில்லாத தாள் பின்னால் எந்த மேசைக்குப் போனாலும் கேள்வி வரும் என்று அதிகாரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். பேனாவைத் திறந்தார். பக்கம் 34 பதிவானது. குரல் பதிவும் பதிவானது. ஆனால் "உறுதி செய்யப்படாதது" என்ற அடைமொழியோடு. கோகிலவாணி அந்த அடைமொழியைப் படித்து, அதன் கீழே "குரல் சூப்பர்வைசருடையது, நான் அறிவேன்" என்று எழுதி, அதன் பிறகே கையெழுத்திட்டார். அந்த ஒரு வரிக்கும் கையெழுத்துக்கும் ஆறு நிமிடம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை. எழுத்து குண்டு குண்டாக இருந்தது.

மே 16, வெள்ளி

கதிரேசன் மூன்று வரித் திருத்தம் தட்டச்சு செய்து வைத்திருந்தார். "பிப்ரவரி 11 செய்தியில் சிறு விவரம் விடுபட்டது, வருந்துகிறோம்." கடைசிப் பக்கத்தில், ராசிபலனுக்குக் கீழே.

"மூணாம் பக்கத்துல போட்டோம், மூணாம் பக்கத்துல திருத்தணும்," என்றேன். "அதே நீளம். அதே தலைப்பு அளவு."

"இத்தனை வருசத்துல அப்படி ஒரு திருத்தம் போட்டதில்ல அம்மிணி. ஊர்ல சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். ஒரு பொம்பள என் பேரப் பாத்துட்டுக் கை வெச்சிருக்கா."

"நான் போடலேன்னா?"

"பஸ் ஸ்டாண்டு சுவத்துல நானே ஒட்டுவேன். எனக்கு மைதா பசை காய்ச்சத் தெரியும்."

கண்ணாடியைக் கழற்றாமல் என்னைப் பார்த்தார். "உன் பேர்ல போடு. 'வருந்துகிறோம்'னு இருக்கக் கூடாது. 'வருந்துகிறேன்'னு இருக்கட்டும். நான் ஒண்ணும் தப்புப் பண்ணல."

சரி என்றேன். அது உண்மையும்கூட.

மே 19, திங்கள்

மூன்றாம் பக்கம், மேல் பாதி. தலைப்பு: "பச்சை விளக்கு தட்டின் சூட்டைப் பார்த்து எரிவதில்லை." துடைத்த துணி முதல் பத்தியிலேயே இருக்கிறது. அல்போன்ஸின் மீட்டர் அளவுகள் இருக்கின்றன. சுத்தமான விசிறியோடு சில்லு சூட்டைக் குறைக்கிறது என்பதையும் எழுதினேன். அதை மறைத்தால் மறுபடியும் ஒரு வரியை வெட்டியதாகிவிடும்.

மாலைக்குள் அலுவலகத் தொலைபேசிக்கு ஒன்பது அழைப்புகள். ஆறு திட்டுவதற்கு. மூன்று பேர் வேறு வேறு கம்பெனிகளிலிருந்து, "எங்க தட்டும் சுடுதுங்க" என்றார்கள். பெயர்களைக் குறித்திருக்கிறேன்.

மே 21, புதன்

கோகிலவாணி தொலைபேசியில் சொன்னார்: கம்பெனிச் சுவரிலிருந்த பிப்ரவரிச் செய்தியை மேலாளர் கிழித்துவிட்டார். அந்த இடத்தில் திங்கட்கிழமைச் செய்தியை யாரோ ஒட்டியிருக்கிறார்கள். அதையும் கிழித்தார்கள். மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். பசை எது என்று கேட்டேன். ஸ்டிக்கராகவே அடித்து ஹீட் பிரஸ்ஸில் ஒரு வெள்ளை பீஸில் ஒட்டி, அதைத் தொங்கவிட்டிருக்கிறார்களாம்.

மே 28, புதன்

உறுதியானது: தொழிற்சாலை ஆய்வாளர், கோகிலவாணியின் மனுவை ஏற்று, அதே இயந்திரத்தை, விசிறியைச் சுத்தம் செய்யாமல், இருக்கிற நிலையிலேயே சோதிக்க உத்தரவிட்டிருக்கிறார். சோதனை வரை முப்பது கருவிகளுக்கும் மின்சாரம் துண்டிப்பு. ஆதாரம்: கடித நகல், இன்று பிற்பகல் என் கையில்.

மனுவின் கடைசிப் பத்தியையும் நகலில் படித்தேன். அவரே எழுதியது, அதே குண்டு எழுத்து. சோதனையின்போது ஈரத்துணி அறைக்குள் வரக் கூடாது. பச்சை விளக்கு எரிந்ததும் மீட்டரைப் பார்ப்பதற்கு முன், கருவியை விற்றவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் தட்டில் வைக்கட்டும். வைத்துவிட்டால், தவறு என்னுடையது என்று கம்பெனி நீட்டிய கடிதத்தில் நான் கையெழுத்திடுகிறேன்.

ஆய்வாளர் அந்தப் பத்தியை அனுமதிக்கவில்லை. ஆனால் நகல் ரகுபரனுக்கும் போயிருக்கிறது.

நிலுவை: உள்விசாரணை அறிக்கை, ஜூன் முதல் வாரம் என்கிறார்கள். சோதனை, ஜூன் 12 வியாழன், காலை 11 மணி. ரகுபரனிடமிருந்து பதில், இன்று மாலை ஆறு வரை வரவில்லை.